வாப்பாவின் மூச்சு

முஹைதீன் ஹாஜியாரின்மேல் சிகரட் நாற்றம் வீசுவதேயில்லை என்பது கட்டுகஸ்தோட்டையிலுள்ள அவரது வீட்டின் சொல்லப்படாத சட்டம். குளியலறையிலிருந்து அவர் வெளிவந்ததும் உம்மா யன்னலைத் திறப்பாள், காரணம் சொல்லமாட்டாள். பள்ளிவாசல் நிர்வாகியாக நின்று தெருக்கடைகளில் சிகரட் விற்பனையை நிறுத்தியவர் அவர். கழுவுதொட்டியில் ஒட்டிக்கிடக்கும் பழுப்புச் சளியை மகள் ஸனாதான் நாள்தோறும் மூச்சைப் பிடித்தபடி தேய்த்துக் கழுவினாள். சளியைவிட, அதை மறைக்க அவர் பூசிய அத்தரே அவளுக்கு அதிகம் குமட்டியது.

விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து வந்த மூத்த மகன், ஸனாவின் நானா அஷ்பாக், மூச்சால் உள்ளிழுக்கும் இன்சுலினைக் கொண்டுவந்திருந்தான். நீரிழிவுக்கு நாள்தோறும் ஊசி போடும் வாப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"விருந்துல ஒரே சஹன் தட்டச் சுத்தி ஆறு பேரோட குந்திட்டு, சாரத்த வெலக்கி வகுத்துல ஊசி குத்த ஏலுமா? இது ஒரு இழுவ, முடிஞ்சி."

கண்டியில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில், நானா கொண்டுவந்த அந்தச் சிறு இழுவைக் கருவியை டொக்டர் மதனி கையில் எடுத்தார்.

"இது தூள், ஹாஜியார். சாப்பாடு துவங்கேக்க இழுக்கவேணும். நாலு, எட்டு, பன்னிரண்டு அலகிலதான் வரும். ஊசிக் கணக்கை அப்பிடியே இதில போடேலாது. இரவு போடுற ஊசியையும் விடக்கூடாது. சிகரட் பத்துறனீங்களோ? பத்துற ஆக்களுக்கு இதைத் தரேலாது. மூச்சுக்குழாய் திடீரெண்டு சுருங்கினா ஆளுக்கே ஆபத்து."

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ட வாய்லயா?" வாப்பா சிரித்தார்.

நானா சுவரைப் பார்த்தான். உம்மா முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

மூச்சின் அளவு பார்க்கும் பரிசோதனைக் குழாயில் ஊதிய வாப்பாவை இருமல் உலுக்கியது. வாயைத் துடைத்த கைக்குட்டையை அவசரமாக மடித்தார். அதிலிருந்த பழுப்பு ஸனாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"அளவு குறைவாக் கிடக்கு. தடிமனோ?" என்றார் டொக்டர்.

"ஓ, தடிமன்தான்," நானா முந்திக்கொண்டான்.

"அப்ப மாறினாப்பிறகு வாங்கோ. திரும்ப ஊதிப் பாத்துத்தான் துவங்கலாம்."

வாப்பா மேசையிலிருந்த கருவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டபடி உம்மாவின் காதில் கிசுகிசுத்தார்: "ராவைக்கு வலீமா விருந்து ஈக்கி. இன்னைக்கே இழுத்துப் பாக்கிறேன்."

உம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் ஸனாவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாயிருந்தது.

"டொக்டர், வாப்பாக்குத் தடிமன் இல்ல," என்றாள்.

"வாயப் பொத்துடீ!" நானா பல்லைக் கடித்தான்.

"காலைலயும் குளியலறைல பத்தினார். தினமும் பத்துறார். அவர்ல நாறுது, டொக்டர். எங்க எல்லாருக்கும் நாறுது."