மாட்லின் என்று வெட்டிய பாத்திரம்

1

இது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். பெயர் வெட்டியிருந்தது டிபன் கேரியரின் மூடியிலா, கீழடுக்கிலா? மூடி என்றே வைத்துக்கொள்கிறேன். தேனி கடைத்தெருவில் ஜாஸ்பரின் காகிதக் கடைக்கு வெள்ளைத்தாள் வாங்கப் போவேன். 2003 வாக்கில் ஒரு மதியம், அவர் சாப்பிடத் திறந்துவைத்த மூடியில் ‘ஜாஸ்பர் – மாட்லின்’ என்று இருந்தது. அவர் மனைவியின் பெயர் ஜெபஷீலா. கேட்டேன். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து சொன்னார். அவர் சொன்னது பாதி. மீதி நான் இட்டு நிரப்பியது.

(கடையில் அவர். கதைக்குள் வந்துவிட்டதால் இனி அவன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஜெபஷீலா ஓர் அழுமூஞ்சி.’

அடித்துவிட்டேன். அழுமூஞ்சி தனக்காக அழுபவள். ஜெபஷீலா தனக்காக அழுது யாரும் பார்த்ததில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத கல்யாணப் பெண் குமுளி பஸ் ஏறினால் அழுவாள். அனுமந்தன்பட்டியில் யாரோ விற்ற பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதற்கு அழுதாள். 1998இல் ஜாஸ்பரின் அப்பா ஞானதுரை இறந்தபோது அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கட்டை போல நின்றான். பக்கத்தில் அவள் அழுத அழுகையில் இரண்டு பேர் பங்கு இருந்தது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொன்னதில்லை.

அதற்குப் பதிலாக அகராதி பார்த்தான். கடையில் விற்கும் கையடக்க அகராதியில் இப்படி உருகுகிறவர்களைப் பழிக்க இருக்கும் இங்கிலீஷ் சொற்களைத் தேடி, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிவைத்தான். கோய்: நாணுவதுபோல் நடிப்பது. சிம்பர்: அசடாகக் குழைந்து சிரிப்பது. மாக்கிஷ்: திகட்டத் திகட்ட உருகுவது. மாட்லின்: கண்ணீரும் கம்பலையுமாக உருகுவது.

(நம்மிடமும் பசப்பு, தளுக்கு, பிலுக்கு எல்லாம் உண்டு. ஜாஸ்பர் சர்ச்சில் கேட்ட மாய்மாலமும் உண்டு. எல்லாமே பொய்யாகச் செய்பவர்களுக்கானவை. நிஜமாகவே அதிகம் அழுகிறவளைப் பழிக்க ஒரு தமிழ்ச்சொல் தேடினேன், எனக்கு அகப்படவில்லை. அவனும் தேடியிருப்பான்.)

3

ஒருநாள் டிவியில் காணாமல்போன பிள்ளைக்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

“அங்கன என்ன எழுதுறீக?”

“மாட்லின்.”

“அது யாரு?”

“நீதான்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. அடுத்த ஞாயிறே சர்ச் மாதர் சங்கத்தில் சொன்னாள். “இத்தன வருசத்துல இப்பத்தான் எனக்குச் செல்லப்பேரு வச்சிருக்காக.” கல்யாண நாளுக்கு, செல்லப்பாண்டி பாத்திரக் கடையில் அந்தப் பெயரை வெட்டி, புது டிபன் கேரியரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஜாஸ்பர் பார்த்தான். உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நிமிடம் இருந்தது.

“நல்லா இருக்கு” என்றான்.

அன்றிலிருந்து அந்தப் பெயராலேயே கூப்பிடத் தொடங்கினான். இதில் கோழைத்தனம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

4

மாதர் சங்கத்துக் கூட்டத்துக்கு அவள் அதில் பலகாரம் கொண்டுபோனபோது மூடியைத் திருப்பிப் பார்த்தது சொர்ணலதா டீச்சர்.

“யாருடி மாட்லின்?”

“நாந்தான் டீச்சர்.”

“கிறுக்கி. குடிச்சிட்டு ஒப்பாரி வைக்கிறவனுக்குச் சொல்ற வார்த்தடி அது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபஷீலாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு நேரே செல்லப்பாண்டியிடம் போனாள்.

“இத அழிச்சுக் குடுங்க.”

“ஏங்க்கா, எழுத்துப் பிழையா?”

“எழுத்து சரியாத்தான் இருக்கு.”

“வெட்டுன பேர அழிக்க முடியாதுக்கா. தேச்சா மூடி ஓட்டையாப் போகும். வேணும்னா மேல ஒரு பூ வெட்டித் தாரேன்.”

“பூவும் வேணாம். குடுங்க.”

மறுநாளும் அதிலேதான் சோறு வந்தது. ஆனால் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். போடியில் அவளுடைய சொந்தத் தங்கச்சி கல்யாணம். பெண் வண்டி ஏறும்போது சமையல்காரர் முதற்கொண்டு கண்ணைத் துடைக்க, இவள் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

“ஏங்க, இப்பச் சரியா இருக்கேனா?”

மௌனத்தில் ஊறியவன் ஜாஸ்பர். அழாமல் அவள் நின்ற அந்த மௌனத்தை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. இனி தனக்காக யார் அழுவார்கள் என்று அன்று யோசித்ததாகச் சொன்னான்.

5

நூலகத்தில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. வெளியே தரமாட்டார்கள். நின்றபடியே படித்தான். பைபிளில் வரும் மகதலேனா மரியாளின் பெயர் இங்கிலீஷ்காரர் வாயில் தேய்ந்துதான் மாட்லின் ஆகியிருந்தது. படங்களில் அவளை அழுகிறவளாகவே வரைந்து வரைந்து, அவள் பெயரே அழுகைக்கு வந்துவிட்டது. ஏசுவின் கல்லறை வாசலில் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் நின்று அழுத அதே மகதலேனா. நின்றதால்தான் உயிர்த்தெழுந்தவரை அவள் முதலில் பார்த்தாள்.

ஜெபஷீலா அதைப் பெயர் என்று நினைத்தது தப்பே இல்லை.

காலண்டர் தாளில் இதை எழுதி, காலி கேரியரின் மேலடுக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

6

முடிவு ஒன்று: அவள் படித்தாள். அவள் கண்ணில் துளிர்த்த நீரில் மேற்கு மலை முழுவதும்

(நிறுத்திவிட்டேன். மலை கண்ணுக்குள் ஏறாது. இப்படி எழுதுவதற்கென்றே ஜாஸ்பரின் பட்டியலில் நாலு சொல் இருக்கிறது.)

முடிவு இரண்டு: ‘அப்ப டீச்சருக்குத்தான் இங்கிலீஷ் பத்தல’ என்று அவள் சிரித்தாள். இது கொஞ்சம் தேவலை. ஆனால் அவன் என்னிடம் இதைச் சொல்லவில்லை.

“படிச்சாகளா?” என்று கேட்டேன். அவர் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குள் கார்பன் பேப்பர் கேட்டு ஒருவர் வந்துவிட்டார்.

7

பிறகு நடந்தது இவ்வளவுதான். சொர்ணலதா டீச்சர் ஓய்வு பெற்று மதுரைக்குப் போனார். செல்லப்பாண்டி பெயர் வெட்ட மிஷின் வாங்கிவிட்டார். 2009இல் ஜாஸ்பர் கடையைக் கொடுத்துவிட்டார். அவரும் ஜெபஷீலாவும் இப்போது தேவாரம் ஊரில் இருக்கிறார்கள், மூடியில் பூ இல்லை.

என் அம்மா மலையம்மாள் 2007இல் இறந்தார். ஜாஸ்பரும் ஜெபஷீலாவும் துக்கத்துக்கு வந்திருந்ததாகப் பிறகு வீட்டார் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கட்டை போல நின்றேன். பின்னால், பெண்கள் பக்கம் ஒரு குரல் பெரிதாக அழுதது. அதில் இரண்டு பேர் பங்கு இருந்தது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.