அழகுமுத்துவிடம் ஊர் கேட்டார்கள்

அழகுமுத்துவுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் ஒன்றை இலங்கை மலைநாட்டு ராகலைப் பக்கத்தில் அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அணுகுண்டைப் பற்றிக் கேட்டாலும் சொல்வான், ஆட்டுக்கு வரும் கழிச்சலைப் பற்றிக் கேட்டாலும் சொல்வான். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மிஷினுக்குப் பக்கத்திலேயே இருபது வருஷமாக நிற்பவன். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, சத்தமே இல்லாத இடத்திலும் அவனுக்கு அதே குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரல் அன்ஸார் நானாவின் கடையில் கேட்கும். நுவரெலியா பஸ்ஸில் வரும் முந்தின நாள் பத்திரிகையை நானா பிரித்துக்கூடப் பார்க்காமல் அழகுமுத்துவிடம் கொடுத்துவிடுவார். அவன் ஒரு வரி வாசித்து, நாலு வரி தன் கருத்தைச் சொல்லி, மறுபடி ஒரு வரி வாசிப்பான். எது பத்திரிகை, எது அழகுமுத்து என்று பிரித்தெடுப்பது கேட்பவர்கள் பாடு. யாரும் அதற்கு மெனக்கெட்டதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் ரஷ்யாக்காரன் ஒரு நாயை ராக்கெட்டில் வைத்து வானத்துக்கு அனுப்பிய செய்தி வந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி, இந்த ராக்கெட்டுகள் போய் மேகத்தைக் கிழிப்பதால்தான் மழை இப்படி நேரங்கெட்ட நேரத்தில் கொட்டுகிறது என்றான். அழகுமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. மிஷினைக் காக்கும் ரோதை முனிக்குக் கோழி அறுக்காமல் மிஷினில் கைவைக்காத அதே அழகுமுத்து, அன்று முழுக்க விஞ்ஞானத்துக்கு வக்காலத்து வாங்கினான். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கத் தெரியாதா, நாய் சுகமாக வந்து சேரும் என்று அடித்துச் சொன்னான். நாய் வரவில்லை. அடுத்த வாரம் அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அவனுக்கே ஒரு கடிதம் வந்துவிட்டது.

பிரஜாவுரிமை விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லிக் கடிதம். வெள்ளைக்காரன் போன கையோடு வந்த சட்டம், தோட்டத்து ஆட்களை எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆக்கிவிட்டது. வேண்டுமென்றால் மனுப் போட்டு, இங்கேயே இருந்ததையும் இனியும் இங்கேயே இருக்கப்போவதையும் நிரூபித்து வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்த சட்டம் சொன்னது. அழகுமுத்து ஐம்பத்தொன்றில் மனுப் போட்டான். மனைவி பூரணியின் பெயரும் மகள் லெட்சுமியின் பெயரும் அதே மனுவில். அவனுக்குக் கிடைத்தால் மூன்று பேருக்கும் கிடைக்கும், இல்லையென்றால் மூன்று பேருக்கும் இல்லை. ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் கூப்பிடுகிறார்கள்.

அவனுக்குப் பயம் ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டத்து லய வீட்டிலேயே பிறந்தவன். தனுஷ்கோடிக் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறந்த பதிவு இருந்தது. பள்ளிக்கூட டாப்புப் புத்தகத்தில் பெயர் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் ஒரு நாள் தவறாமல் நின்றதற்குத் தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தது. எல்லாவற்றையும் பூரணி ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

விசாரணை நல்லபடியாகவே நடந்தது. அதிகாரி சிங்களவர், அமைதியான மனிதர். அவர் இங்கிலீஷில் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டு, இவன் சொன்னதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்வார். காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சரி பார்க்கப்பட்டன. எதிலும் குற்றம் இல்லை. கடைசியில், புறப்படச் சொல்லப்போகிறார்கள் என்று அவன் துணியை மடிக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"உம்மட ஊர் எது?"

இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்தில் உண்டா? அழகுமுத்து நிமிர்ந்து நின்று சொன்னான்.

"திருச்சிராப்பள்ளி ஜில்லா, முசிறித் தாலுக்கா, வேப்பந்துறைங்க."

"அங்கை போற எண்ணம் இருக்கோ?"

"போகணும்ங்க. கொலதெய்வத்துக்கு ஒரு பூசை பாக்கி கெடக்குது."

பேனா எழுதியது. அழகுமுத்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

அவனைக் குற்றம் சொல்ல வாய் திறப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் யாருக்கும் தோட்டம் ஊர் இல்லை. குடியிருப்பது தோட்டம், சாமான் வாங்குவது டவுன். ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் அப்பனோ பாட்டனோ விட்டுவிட்டு வந்த இடம், அது ஒன்றுதான். புது ஆளைப் பார்த்தால் முதலில் கேட்பது எந்த ஊர் என்று. அதற்குப் பதில் தெரியாதவன் அப்பன் பெயர் தெரியாதவன் மாதிரி. போகணும் என்பதும் அப்படித்தான். ஊரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரு தரம் போகணும் என்று சொல்லி வைப்பது மரியாதை. விடைபெறும்போது போய் வருகிறேன் என்று சொல்கிறோமே, அதைப் போல. சொன்னவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ராகலையைத் தாண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அழகுமுத்து சொன்னதைத்தான் சொல்லியிருக்கும்.

கடைக்கு வந்ததும் அவன் சந்தோஷமாகவே சொன்னான். அதிகாரி தங்கமான மனுசன், ஊர் எல்லாம் விசாரித்தார் என்றான்.

பங்குனியில் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம் என்பதால் அன்ஸார் நானாவின் தம்பி ஹலீம் வாசித்துத் தமிழில் சொன்னார். ஹலீம் மெல்லத்தான் வாசிப்பார். அன்று அதைவிட மெல்ல வாசித்தார். மனுதாரர் தம்முடைய ஊர் இந்தியாவில் உள்ள வேப்பந்துறை என்றும், அங்கே திரும்பிப் போகும் எண்ணம் உண்டு என்றும் தாமே தெரிவித்திருப்பதால், இலங்கையில் நிரந்தரமாக வாழும் நோக்கம் அவருக்கு இருப்பதாகக் கொள்ள முடியவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் அழகுமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள், வழக்கம்போல ஏதாவது சொல்வான் என்று. அவன் கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்தான். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அவன் சொன்னதுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஹலீமையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனான். அதிகாரி இல்லை. ஃபைல் கொழும்புக்குப் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவனை அவருக்கு ஞாபகம் இருந்தது. உட்காரச் சொன்னார். அழகுமுத்து உட்காரவில்லை. தான் ஒருநாளும் வேப்பந்துறையைப் பார்த்ததில்லை என்றும், அங்கே போகிற யோசனை கனவிலும் இல்லை என்றும் சொன்னான்.

"அப்ப ஏன் ஊர் எண்டு அதைச் சொன்னீர்? எங்கட பக்கத்திலை ஊர் எண்டால் பிறந்து வளந்த இடம். நீர் தோட்டத்திலை பிறந்தால் தோட்டத்தையல்லோ சொல்லியிருக்க வேணும்."

"தோட்டத்தை எப்புடிங்க நம்ம ஊருன்னு சொல்றது? அது தொரையோடதுங்களே."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். மேல்கோர்ட்டுக்குப் போக வழி உண்டு என்றார். ஆனால் அங்கே போனால், இவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்றுதான் வாதாட வேண்டியிருக்கும்.

"நான் பிழையாச் சொன்னனானோ? நீரே சொல்லும்."

அழகுமுத்து அவரைப் பார்த்தான். ஹலீம் அவன் முழங்கையை மெல்ல இடித்தார், ஆமாம் என்று சொல் என்பது போல. இரண்டு வார்த்தை பொய். அதற்குள் மூன்று பேர் வாழ்க்கை இருந்தது. அந்தப் பொய்க்கு வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"இல்லீங்க. சரியாத்தான் சொன்னீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹலீமே இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார்.

பூரணி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ஆத்திரப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். பட்டாள்.

"நானுந்தான் இங்க பொறந்தேன். என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

அவள் முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். பாதி பிசைகையில் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"கேட்டிருந்தா மட்டும் என்ன. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டபோதுதான் அழகுமுத்துவுக்குக் கண் கலங்கியது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அதற்குப் பிறகு கடையில் அவன் பத்திரிகை வாசித்தானே தவிர, கருத்துச் சொல்வதைக் குறைத்துக்கொண்டான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தான். விசாரணைக் கடிதம் யாருக்கு வந்தாலும் அவர்களைத் தேடிப் போய், ஊர் எது என்று கேட்டால் ராகலை என்று சொல்லு, போகணுமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லு என்று பாடம் நடத்தினான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலருக்கு வாய் கூசியது. சாமி குத்தம் ஆகிவிடாதா என்று அவர்களில் ஒருத்தியான காளியாயி கேட்டாள். ஆகாது, எல்லாக் குற்றமும் என் தலையில் இருக்கட்டும் என்றான்.

மாயாண்டிக்குக் கடிதம் வந்தபோது ஒரு வாரம் பழக்கினான். கவ்வாத்து மலைக்கே போய், கத்தியோடு நிற்பவனிடம் திடீரென்று எந்த ஊர் என்று கேட்பான். மாயாண்டி யோசிக்காமல் தொட்டியம் என்பான். மறுபடி முதலிலிருந்து. ஆறாம் நாள் காலை மாயாண்டியின் வாயில் ராகலை என்று தானாக வந்தது. அழகுமுத்து அவன் தோளைத் தட்டிவிட்டு ஃபேக்டரிக்கு ஓடினான், சங்கு ஊதிவிட்டது.

மாயாண்டிக்குக் கிடைத்தது. ஐம்பத்தொன்பது ஐப்பசியில், ரஷ்யாக்காரனின் ராக்கெட் சந்திரனின் முதுகுப்புறத்தைப் படம் பிடித்து அனுப்பியதாகப் பத்திரிகை வந்த அதே வாரம். யாரும் இதுவரை பார்க்காத பக்கம் என்று அழகுமுத்து வாசித்துக்கொண்டிருந்தபோது மாயாண்டி கடைக்குள் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நேராக வந்து அழகுமுத்துவின் காலைத் தொடக் குனிந்தான். அழகுமுத்து பதறிப் பிடித்து நிறுத்தினான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான், அதில் பொய் இல்லை. நானாவிடம் சொல்லி எல்லோருக்கும் டீ போடச் சொன்னான். காகிதத்தை வாங்கி, ஹலீமிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, முழுவதும் கேட்டான். தன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய காகிதம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

டீயைக் குடித்து முடித்துவிட்டு மாயாண்டி சொன்னான். அவன் மனதில் கள்ளம் இல்லை. நன்றி மட்டும்தான் இருந்தது.

"இனிமே பயமில்லண்ணே. இந்தக் காயிதத்த வச்சு பாஸ்போட்டு எடுத்துட்டா, போயிட்டுத் திரும்பி வரலாமாம். தையில ஒரு தரம் ஊருக்குப் போயிட்டு வந்துறலாம்னு இருக்கேன்."

யாருக்கும் அந்த வார்த்தை உறுத்தவில்லை. ஹலீம் மட்டும் நிமிர்ந்து அழகுமுத்துவைப் பார்த்தார். ராகலை என்று சொன்னவன் ஊருக்குப் போகிறான். வேப்பந்துறை என்று சொன்னவனுக்கு இங்கேயும் காகிதம் இல்லை. அங்கே போனால் திரும்பி வர முடியாது. பூரணியும் லெட்சுமியும் லயத்தில் இருக்கிறார்கள்.

"முசிறி தாண்டித்தான் எங்க ஊரு. வேப்பந்துறைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வர்றேன். யாரப் பாக்கணும், என்ன சொல்லணும், சொல்லுங்கண்ணே."

அழகுமுத்து யோசித்தான். அப்பனின் தம்பி ஒருத்தர் இருந்ததாகக் கேள்வி. அவர் பெயர் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கோயில் எந்தத் திசையில், வீடு எந்தத் தெருவில் என்று தெரியாது. அந்த ஊரில் ஒருத்தர் பெயரும் அவனுக்குத் தெரியாது. அவன் பெயரும் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. மாயாண்டி காத்துக்கொண்டு நின்றான். கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"எல்லாரையும் கேட்டதாச் சொல்லு" என்றான்.