தம்பி அனுப்பிய கட்டங்கள்

எங்கள் சின்ன மொழியின் பத்து எண்களுக்கும் ஒருவழியாக யூனிகோடில் அங்கீகாரம் வந்துவிட்டது. இனி எந்த போனிலும் அவை தெரியும். நாயாய் அலைந்த வேலை. நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் அம்மா போனை நீட்டினாள்.

“இப்ப அவன் அனுப்பினதைப் படிக்கலாமா?”

அவன் என்றால் என் தம்பி. எழுத்துருவைச் செய்தது நாங்கள் இருவரும்தான். அங்கீகாரம் வரும்வரை எண்களுக்குத் தற்காலிகமாக ஓர் இடம் கொடுத்திருந்தோம். எங்கள் இருவர் கருவிகளில் மட்டும் எண்ணாகத் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் கட்டம். அந்தத் தடியன் தன் போனையே அதற்கு மாற்றி வைத்திருந்தான்; எந்த எண்ணை அடித்தாலும் எங்கள் எண்ணில்தான் போகும். “மாத்தித் தொலைடா” என்றால், “நாமளே எழுதலன்னா வேற யாரு எழுதுவா அக்கா?” என்பான்.

போன வருஷம் வெளியூர் லாட்ஜில் மூச்சுத்திணறிச் செத்துப்போனான். சாகும் முன் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வெறும் கட்டங்கள். படித்துச் சொல்லவா என்று கேட்டால், “எனக்குத்தானே அனுப்பினான், நானே படிச்சுக்கறேன்” என்பாள். எனக்கும் பயம்தான், விட்டுவிட்டேன்.

“இன்னும் கட்டமாத்தானேடி இருக்கு?”

“பழைய இடம் வேற, புது இடம் வேறம்மா. மாத்தணும். குடு.”

பக்கத்து அறையில் என் கணினியில் திறந்தேன். அந்த லாட்ஜின் நம்பர். உடலை வாங்க எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! அதை அடுத்து அறை எண். பேச மூச்சில்லாமல் இதை மட்டும் அடித்திருக்கிறான். எனக்கு அனுப்பியிருந்தால் படித்திருப்பேனே, பாவி! மூச்சு முட்டும்போது பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வருமா, அக்கா ஞாபகம் வருமா?

“என்னடி, ஆச்சா?”

கட்டம் எத்தனையோ அத்தனை எண்களை, ஒன்றிலிருந்து வரிசையாக அடித்து அம்மா போனுக்கு அனுப்பினேன்.

விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாதியில் சிரித்துவிட்டாள்.

“வேலை செய்யுதான்னு பாத்திருக்கான், பைத்தியக்காரப் பய.” அப்புறம் அழுதாள். “கூப்பிடச் சொல்லி நம்பர் அனுப்பி, நான்தான் சும்மா இருந்துட்டேனோன்னு நெஞ்சு வெந்துக்கிட்டே இருந்துச்சுடி. இனிமே தூங்குவேன்.”

“தூங்கும்மா” என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அந்த லாட்ஜ் நம்பரைக் கூப்பிட்டேன்.

“எந்த ரூமுங்க?”

சொன்னேன்.

“லைன்ல இருங்க, குடுக்கறேன்.”

அந்த அறையில் மணி அடிக்க ஆரம்பித்தது.