படிக்கு முதுகு காட்டி

"காசிலிங்கம் அண்ணாச்சி, கடைய அடைங்க. ஒடனே ஒங்க வீட்டுக்குப் போணும்."

மாடியிலிருந்து இறங்கி வந்து ஈவாஞ்சலின் இப்படிச் சொன்னதும் எடை போட்டுக்கொண்டிருந்த பருப்பை அப்படியே வைத்தேன். என் கடை மாடியில் வாடகைக்கு மனநல ஆலோசனை மையம் நடத்துகிறவள் அவள். நாசரேத்துக்காரி. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தலைகீழாக நின்றாலும் வாய் திறக்கமாட்டாள். அவளே வந்து பேசுகிறாள் என்றால் பயப்படாமல் என்ன செய்வது?

முன்பெல்லாம் மனசு சரியில்லை என்றால் ஊருக்குத் தெரியாமல் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவார்கள். இப்போது துறைமுகத்து ஆட்களுக்கு ஒருவர், காலேஜுக்கு ஒருவர், போனிலேயே பேச ஒருவர் என்று திரும்பின பக்கமெல்லாம் ஆலோசகர்கள். உலகம் முழுக்க அப்படித்தானாம். நக்கலடித்துக்கொண்டேதான் மாடியை அவளுக்கு வாடகைக்கு விட்டேன்.

வந்த புதிதில் எங்களுக்குள் ஒரு தகராறு. மளிகைக் கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? படியேறுகிறவர்களை எல்லாம், "வாங்க அண்ணாச்சி, வீட்ல எல்லாரும் சொகந்தானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பேன். பாதிப் பேர், பருப்பு வாங்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டார்கள். அவள் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டதால், கல்லா மேசையைத் திருப்பிப் போட்டு, படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

"பானுப்ரியா ரெண்டு மாசமா எங்கிட்ட வாரா," என்றாள்.

என் மகள்! என் முதுகுக்குப் பின்னால்தான் ஏறி இறங்கியிருக்கிறாள். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று போனதிலிருந்து சாப்பாட்டைக் குறைத்திருந்தாள். உடம்பு இளைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன், மடையன்.

"இத நான் யாருட்டயும் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்லுவேன்னு மொத நாளே அவகிட்டச் சொல்லிருக்கேன். நேத்து, எல்லாத்துக்கும் என்னைய மன்னிச்சிருங்கன்னு சொன்னா. இன்னைக்கு வரல. போனும் எடுக்கல. வீட்ல யாரு இருக்கா?"

அவளைத் தவிர யாருமில்லை. என் மனைவி மாப்பிள்ளையூரணியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஷட்டரை ஈவாஞ்சலின்தான் இழுத்தாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "திட்டாதீங்க. சுத்தி வளைக்காதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேரா கேளுங்க. கேக்கதுனால அந்த நெனப்பு வந்துராது அண்ணாச்சி."

நேராகக் கேட்பதா? எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொன்னாலே வாயில் அடி விழும். உப்பு லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அழுத்தினேன். முருகா, முருகா என்பதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். சத்தமே இல்லை.

"ஏளா பானு! அப்பா வந்திருக்கேன். கதவத் தெறளா!"

பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தோளால் இடித்தேன். மறுபடியும் இடித்தேன்.

தாழ்ப்பாள் விலகியது. நின்றுகொண்டிருந்தாள். தலை வாராமல், முகமெல்லாம் வீங்கிப்போய், உயிரோடு.

ஓங்கி அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஈவாஞ்சலின் என்னையே பார்த்தாள். கேட்டுவிட்டேன்.

"ஏளா, சாகணும்னு தோணுதா?"

இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஆமாப்பா," என்றாள். சொன்னவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்குந்தாம்ளா," என்றேன். "விட்றாத. நல்லாப் பிடிச்சுக்கோ."