காய்ந்த சரக்கு

கடையைத் திறந்ததும் தனுஷ்கோடி செய்கிற முதல் வேலை, தராசில் ஏறி நிற்பது. மிளகாய் வத்தல் மூட்டைகளை நிறுப்பதற்காகத் தரையோடு தரையாகப் போட்டிருந்த பெரிய தராசு அது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்துக் கல்லாவின் மேல் வைப்பார். பிறகு நெஞ்சிலிருக்கும் மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு ஏறுவார். மூச்சுக்கு எடை உண்டா என்று அவருக்குத் தெரியாது. இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான். மொக்கையன் அவருடைய கடையிலேயே மூட்டை நிறுத்துத் தலை நரைத்த ஆள். அன்றைக்கும் அவர் குனிந்து, தண்டில் குண்டை அப்படியும் இப்படியும் தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அறுபத்தெட்டே முக்கா, மொதலாளி."

"நேத்து அறுபத்தெட்டுதான இருந்துச்சு?"

"வேட்டிக்குக் கழிச்சுக்கிருவமா? சாக்குக்குக் கழிக்கிற மாதிரி."

"நேத்தும் வேட்டி கட்டிக்கிட்டுத்தானப்பா ஏறுனேன்."

மொக்கையன் யோசித்தார். "நேத்துக் கட்டுனது பழசு. இது கஞ்சி போட்டதுல்ல. கஞ்சிக்கும் கனம் இருக்கும்."

தனுஷ்கோடி இறங்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கஞ்சி இல்லை, அது அவருக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி, அவர் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சௌந்தரம் தட்டில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டாள். வைத்ததை ஒதுக்க மனமில்லாமல் தின்றுவிட்டார். ஒரு இட்லி எப்படி முக்கால் கிலோவாக முடியும் என்று ராத்திரியே யாராவது கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். காலையில் தராசில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

போன வருடம் இதே தராசு அவரைத் தொண்ணூற்றாறு என்று சொன்னது. மாதிரிக்கு வத்தல் அள்ளக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேலேயே சாய்ந்துவிட, டாக்சி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உடம்பைக் குறைக்காவிட்டால் மகள் கல்யாணத்தைப் படத்துக்குள் இருந்துதான் பார்ப்பீர்கள் என்று அங்கே டாக்டர் சொன்னார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. விடியும் முன்னே பாளையம்பட்டி வரைக்கும் நடை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி மறுபடியும் இரண்டு. பலகாரக் கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டு வீட்டுக்குச் சுற்றிப் போவார். உடம்பு இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கடைசியாகப் போனபோது டாக்டரே, "போதும், நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

"இனிமே எளைக்கக் கூடாது. காலையில நாலு இட்லி சாப்பிடுங்க. உங்க வேலைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி வேணும்."

"என் வேலை உக்காந்திருக்கிறதுதாங்களே. ஆயிரத்து முன்னூறுக்கு முடிச்சுக்கிருவோமே."

"இது என்ன வத்தல் ஏலமா?" என்றார் டாக்டர்.

கலோரி என்றால் என்னவென்று அவர் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. ஊருக்கு வந்தபிறகு, கடைக்கு வத்தல் வாங்க வந்த அறிவியல் வாத்தியார் வீரபத்திரனிடம் பேச்சுவாக்கில் கேட்டார். கலோரி என்பது சூடு என்றார் வாத்தியார். தனுஷ்கோடிக்கு ஒன்றும் புரியவில்லை. திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில் மாடுகளே நிழல் தேடி அடுத்த ஊருக்குப் போகின்றன. இந்தச் சீமையில் பிறந்த மனிதனுக்குத் தனியாக வேறு சூடு எதற்கு? வாத்தியார் விடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே ஒரு அடுப்பு எரிய வேண்டும், அதற்கு விறகு சோறு என்றார்.

"சரி சார். ஒரு வருசமா விறகைக் கொறைச்சே போட்டுட்டு வந்தா, அந்த அடுப்பு என்ன செய்யும்?"

"அதுவும் சிக்கனமா எரியப் பழகிக்கிரும் அண்ணாச்சி."

"அப்படிப் பழகுன பெறகு கூடுதலாப் போட்டா?"

"மிச்சத்தைச் சேத்துவச்சுக்கிரும்" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு, தான் வாங்கிய வத்தலில் காம்பு அதிகமாக இருக்கிறதே என்று கிளற ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். ஆயுள் முழுக்கச் சிக்கனத்தைக் கையெடுத்துக் கும்பிட்டவர் தனுஷ்கோடி. இப்போது அவருக்குள்ளேயே ஒரு சிக்கனமான கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு, போகிற ஒவ்வொரு வாயையும் செலவு எழுதாமல் வரவு எழுதுகிறான். வத்தல் வியாபாரியிடம் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரச் சரக்கை மழைச்சாரலில் வைத்தால் பெரிதாக ஒன்றும் ஏறாது. நன்றாகக் காய்ந்து, கையில் எடுத்தால் சலசலக்கிற சரக்கு இருக்கிறதே, அதுதான் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து ஒரே ராத்திரியில் கனத்துப்போகும். தொண்ணூற்றாறில் இருந்தபோது அவர் ஈரச் சரக்கு. இப்போது காய்ந்த சரக்கு. தாளிக்கிற வாசனை அடுக்களையிலிருந்து வந்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஊர் வேறு மாதிரி பேசியது. வத்தல் மண்டி முதலாளி என்றால் வயிறு கல்லாவைத் தொட வேண்டும். அது இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது, அல்லது வீட்டில் சண்டை, அல்லது எலும்புருக்கி நோய். மூன்றில் எது என்று காபிக் கடையில் தினமும் பேசித் தீர்த்தார்கள். பழைய சட்டைகளைப் பிடித்துத் தைக்கச் சௌந்தரம் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு திரும்பி வரும்போது யார் பிரிப்பது என்று கேட்டாள். ஆகவே சட்டை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நடந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மகள் சரஸ்வதிக்கு விருதுநகரிலிருந்து சம்பந்தம் வந்தது. கடலை எண்ணெய் மில் வைத்திருந்த ஐயாத்துரையின் மூத்த மகன். நல்ல குடும்பம். பையனையும் சரஸ்வதி ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருந்தது. ஆனால் ஐயாத்துரை தனுஷ்கோடியைப் பற்றியே ஊர் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டி முதலாளி எதனால் இளைத்தார், என்ன தின்கிறார், எந்த டாக்டர் என்று பஸ் ஸ்டாண்டிலும் காபிக் கடையிலும் ஆள் விட்டுக் கேட்டிருந்தார்.

"நோவுக்காரன் வீட்டுல பொண்ணெடுக்கக் கூடாதுன்னுதான் தோண்டித் துருவுறாக" என்றாள் சௌந்தரம். "நாளைக்கு வாராக. அவுக முன்னால நீங்க கொக்காட்டம் நின்னீகன்னா, என் பிள்ளை வாழ்க்கை உங்க ரெண்டு இட்லியோட போச்சு."

"திரும்ப ஏறிருச்சுன்னா நெஞ்சு என்னத்துக்காகும்?"

"ஒரு நாளைக்கு ஏறி நிக்கட்டும். பெறகு எறக்கிக்கிருங்க."

மறுநாள் சாயங்காலம் அவர் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருந்தார். வயிற்றில் ஒரு பூத்துவாலையை மடித்து வைத்து, அதன்மேல் வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தாள் சௌந்தரம். ஆவணிப் புழுக்கம். காரிலிருந்து ஐயாத்துரை இறங்கியபோது முதலில் வயிறு இறங்கியது, பிறகு அவர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி சங்கரம்மாள், டெரிலின் சட்டை போட்ட மைத்துனன் காளிராஜ், இன்னும் இரண்டு பெண்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் முன்னறையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கமாட்டார்கள். அதனால் அடுக்களையில் இட்லி வெந்துகொண்டிருந்தும் யாரும் இட்லியைப் பற்றிப் பேசவில்லை.

சரஸ்வதி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். ஐயாத்துரை அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, தனுஷ்கோடியின் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷ்கோடிக்குக் காதோரம் வியர்வை இறங்கியது. துவாலை மெதுவாக வலது பக்கமாக நழுவுவது தெரிந்தது.

"அண்ணாச்சிக்கு முந்தி எதுவும் சீக்கு கீக்கு..." என்று ஆரம்பித்தான் காளிராஜ்.

"ஏலே, சும்மா இருடா" என்றார் ஐயாத்துரை. பிறகு அந்தப் பெரிய உடம்பை நகர்த்தி நகர்த்தி வந்து தனுஷ்கோடியின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார்.

சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, அடுத்தவனுக்குத் தெரியாமல் முடிப்பார்கள். நாலு விரல் என்றால் நாலா, நாற்பதா, நானூறா என்பது பேசுகிற இரண்டு பேருக்கும் தெரியும். முடித்த பிறகு பின்வாங்கினால் அவனோடு யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள். பவுன் பேசப்போகிறார் என்று தனுஷ்கோடி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார். சௌந்தரம் ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தாள். ஐயாத்துரையின் விரல்கள் அவர் கையைப் பிடித்தன. உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது.

"காலையில எத்தனை?"

"எது?"

"இட்லி."

தனுஷ்கோடி திரும்பிப் பார்க்கப்போனார். "நேராப் பாருங்க" என்றது குரல். "எனக்கும் டாக்டர் ஒடம்பக் கொறைக்கச் சொல்லிட்டான். வீட்டுல தெரியாது. தெரிஞ்சா மில்லு படுத்துருச்சாக்கும்னு ஊரே வந்துரும். உங்களைப் பத்தித்தான் நாலு மாசமா விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

தனுஷ்கோடி இரண்டு விரலைக் கொடுத்தார். ஐயாத்துரை அந்த இரண்டு விரலையும் தடவிப் பார்த்து, மூன்றாவது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் அவர் கை தளர்ந்துபோனது.

"எளைச்சு முடிச்ச பெறகுமா ரெண்டு? டாக்டர் எத்தனை சொன்னாரு?"

பொய் சொல்லலாம். துண்டுக்குள் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நாலு விரலைக் கொடுத்தார்.

"பெறகு ஏன் ரெண்டு?"

"பயமா இருக்கு" என்றார் தனுஷ்கோடி. சௌந்தரத்திடம்கூட அவர் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "ஒரு இட்லி கூடுனா முக்கா கிலோ ஏறுது. பழையபடி வந்துருமோன்னு."

"எளைச்சாப் பயம் போயிரும்னுல்ல நெனச்சேன்."

"எளைச்ச பெறகுதான் ஜாஸ்தி."

ஐயாத்துரை கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தார். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தொகையைப் பற்றிய யோசனையாகத் தெரிந்திருக்க வேண்டும். கதவோரம் சௌந்தரம் இருமினாள். விட்டுக்கொடுக்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். பதிலுக்கு உள்ளேயிருந்து சங்கரம்மாளும் இருமினாள்.

"நான் எட்டுல இருக்கேன்" என்றார் ஐயாத்துரை. "ரெண்டுக்கு எறங்கு, அதுக்கு மேலயும் பயந்துக்கிட்டே கெடன்னா நான் இப்பிடியே தின்னுட்டுப் போயிர்றேன். ஒண்ணு செய்வோம். நீங்க ஏறுங்க, நான் எறங்குறேன்." நாலு விரலை அழுத்தினார்.

தனுஷ்கோடி ஒன்றை மடக்கிவிட்டு மூன்றைக் கொடுத்தார். ஐயாத்துரை மடங்கிய விரலைப் பிரித்தார். அவர் மறுபடி மடக்கினார். துண்டு இரண்டு பூனைக்குட்டிகளை மூடிவைத்ததுபோலக் குதித்தது. காளிராஜ் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"நான் பாதியை விட்டுட்டு வாறேன் அண்ணாச்சி. ஒத்தையா எறங்க எனக்குத் தைரியமில்ல" என்றது குரல்.

தனுஷ்கோடி விரலைப் பிரித்தார். ஐயாத்துரை நாலையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் துண்டை உருவினார். "முடிஞ்சது" என்றார் உரக்க.

சௌந்தரம் கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள். "எத்தனைக்குங்க?"

"நாலு" என்றார் தனுஷ்கோடி. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நாப்பதா?" சௌந்தரத்தின் முகம் விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது. அவளுக்குப் பின்னால் சங்கரம்மாள் வந்து நின்றாள். அறுபது பவுன் கணக்கோடு புறப்பட்டு வந்தவள்போல இருந்தது. புருஷனைப் பார்த்த பார்வையில் எண்ணெய் இல்லாமலே எதையும் பொரித்திருக்கலாம். தனுஷ்கோடி ஐயாத்துரையைப் பார்த்தார். ஐயாத்துரை மனைவியைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை.

"நாலுதான் தாயி" என்றார். "கை பேசுனது பேசுனதுதான். இலையைப் போடச் சொல்லுங்க."

இலை போட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சௌந்தரம் சந்தோஷத்தில் அள்ளி அள்ளி வைக்க வந்தாள். நாலு விழுந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இலைக்குமேல் கையை விரித்து மறைத்தார்கள். "என்ன ஒத்துமை" என்றாள் வந்திருந்த பெண்களில் ஒருத்தி. பரிமாறக் கூடமாட வந்த சங்கரம்மாள், எட்டு தின்கிற மனிதர் நாலோடு மறித்ததைப் பார்த்துக்கொண்டே சாம்பார் வாளியோடு நின்றாள்.

தனுஷ்கோடி முதல் இரண்டைப் பழக்கத்தில் தின்றார். மூன்றாவதைப் பிட்டபோது நெஞ்சில் ஒரு தரம் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். அடித்துக்கொண்டுதான் இருந்தது. நல்லெண்ணெயில் குழைத்த பொடி, நடுவில் ஆவி பறக்கிற மாவு. ஒரு வருடமாகத் தராசையே நினைத்துத் தின்றதில், இட்லிக்கு லேசான புளிப்பு உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மெதுவாக மென்றார். நாலாவது இலையில் இருந்தது.

பக்கத்து இலை எப்போதோ காலியாகியிருந்தது. ஐயாத்துரை இலையில் ஒட்டியிருந்த சட்னியை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு, தனுஷ்கோடியின் இலையில் மிச்சமிருந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி அதைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.