சத்தக் குமிழ்

குழந்தையின் தலையில் ஸ்கேன் கருவியை வைக்கும் முன் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவேன். மிஷினின் சத்தக் குமிழை முழுசாகக் குறைத்துவிடுவேன். பதினோரு வருஷப் பழக்கம். முன்னது குழந்தைக்காக, பின்னது பெற்றவர்களுக்காக. மூளைக்குள் ஓடும் ரத்தத்தை மிஷின் சத்தமாகவும் சொல்லும். ஒருமுறை கேட்டுவிட்டால் அதையே பிடித்துத் தொங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மிஷினைத் துடைத்த யாரோ குமிழைத் திருகியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உச்சிக்குழியில் கருவியை வைத்ததுமே அறை முழுக்க ‘ஷுக், ஷுக்’ என்று கேட்டது. பிறந்து மூன்று நாள். நாலு கிலோ இருந்ததால் நர்ஸுகள் ‘பயில்வான்’ என்று பேர் வைத்திருந்தார்கள். பிரசவத்தில் சிக்கி மூச்சுத் திணறிய பயில்வான் இதுவரை ஒருமுறைகூட அழவில்லை. அவனுக்காக மூச்சு விடுவதும் இன்னொரு மிஷின்தான். அவன் அப்பா, பஸ் ஓட்டுகிறவர், செல்போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

“நேத்து சத்தமே இல்ல மேடம். இன்னைக்கு நல்லா கேக்குது. தேறிட்டானா?”

நேற்று குமிழைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். இன்று திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டுக்கு மேலே ஒரு கூர், கீழே ஒரு கூர். வீங்கிய மூளைக்குள் நுழைய இடமில்லாமல், ஏறிய ரத்தம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

“டாக்டர் சொல்லுவாங்க” என்றேன். எங்கள் வேலையில் எல்லாக் கேள்விக்கும் இந்த ஒரு பதில்தான், கிளிப்பிள்ளை மாதிரி.

“அவர் சொல்லட்டும். என் பொண்டாட்டிய ஆபரேஷன் பண்ணி எந்திரிக்க விடாம படுக்க வெச்சிருக்காங்க. புள்ளைய இன்னும் பாக்கல. இதையாவது கேக்கட்டும்.”

அழித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் டாக்டர். அதன்பிறகு அவரே வந்து பெற்றவர்களிடம் பேசுவதாக ஏற்பாடு. சக்கர நாற்காலியில் அம்மா வந்திருந்தாள். காலையிலிருந்து போனைக் காதை விட்டு எடுக்கவே இல்லையாம். இப்போதும் கையில்தான் இருந்தது. நான் மறக்காமல் குமிழைக் குறைத்துவிட்டு உச்சிக்குழியில் கருவியை வைத்தேன். திரையில் கூர் எதுவும் இல்லை. கோடு தட்டையாகக் கிடந்தது.

“அக்கா, சத்தம் வைங்களேன். ஒரே ஒரு தடவ.”

டாக்டர் வரப் பத்து நிமிஷம் ஆகும். கருவியைத் துடைத்தேன். மறுபடி ஜெல்லைச் சூடாக்கி, இந்த முறை நெஞ்சில் தடவிக் கருவியை வைத்தேன். இதயம் மட்டும்தான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. குமிழைத் திருகினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு போனிலிருந்ததை ஓடவிட்டு அதையும் கேட்டாள்.

“இது வேற மாதிரி இருக்கே.”

“இது நெஞ்சும்மா.”

“தலையில வைங்கக்கா.”

பயில்வானின் நெஞ்சில் ஜெல் ஆறிக்கொண்டிருந்தது. என் கை அங்கேயே இருந்தது.