மீசைக்கம்பு

லிங்கி ஆற்றின் வாயைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும் சந்தியாகு படகின் மோட்டாரை நிறுத்தினான். பின்னாலிருந்து காற்று, தஞ்சோங் துவான் முனைப் பக்கமிருந்து மலாக்காவைப் பார்த்து நேராக வீசியது. ஜனவரிக் காலையில் கிடைக்கிற நல்ல காற்று. பெரிய பாய் இடப்பக்கம் முழுசாக விரிந்து வயிறு தள்ளி நின்றது. அதன் மறைவில் மாட்டிக்கொண்ட முன்பாய்க்குக் காற்று எட்டவில்லை. துவண்டு தொங்கி, கயிற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டது. அவன் மனைவி அகதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். இரண்டு ஆள் நீளமிருந்த மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு, ஆடுகிற முன்தளத்தில் காலை அகட்டி வைத்து நடந்தாள்.

அந்தக் கழிக்கு இங்கிலீஷில் 'விஸ்கர் போல்' என்று பெயர் சொன்னவர் தோட்டத்தின் பழைய வெள்ளைக்கார மேனேஜர். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் படகோட்டத் துணைக்கு அவர் சந்தியாகுவைத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஊருக்குத் திரும்பும்போது, ஆற்றுச் சேற்றில் அடி பிளந்து கிடந்த படகை அவனுக்கே விட்டுவிட்டுப் போனார். சந்தியாகு அதை வருஷக்கணக்கில் பலகை பலகையாக மாற்றி மிதக்க வைத்தான். விஸ்கருக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவன், கழிக்கு மீசைக்கம்பு என்று பெயர் வைத்தான். துரையின் அலுமினியக் கம்பு என்றோ தொலைந்துவிட்டது. இப்போதிருப்பது சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை வெட்டும் மூங்கில். பக்கத்து வீட்டுச் சந்திரன் கொடுத்ததில் அரிவாளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையிலும் பட்டறையில் கொக்கி வைத்துக்கொண்டார்கள்.

அகதா முன்பாயின் கீழ்மூலையை நுனிக் கொக்கியில் மாட்டினாள். கம்பை வலப்பக்கம் கடலுக்கு மேலே தள்ளினாள். அடிமுனையைப் பாய்மரத்து வளையத்தில் பூட்டியதும் பின்னாலிருந்து சந்தியாகு கயிற்றை இழுத்தான். துவண்டு கிடந்த பாய் ஒரே மூச்சில் நிமிர்ந்தது. இப்போது ஒரு பாய் இடதில், ஒரு பாய் வலதில். படகு ஆட்டம் குறைந்து ஓடத் தொடங்கியது. இது அவளுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் இதுவே கடைசி என்று நினைத்தபோது கை வளையத்திலிருந்து வர மறுத்தது.

படகை விற்றாகிவிட்டது. விற்றது சந்தியாகுதான். போன வருஷம் மில்லில் பழக்குலைகளைக் கொட்டும்போது டிரெய்லரின் கதவு விழுந்து அவனுடைய வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஆபீஸ் வாசலில் ஒரு முக்காலி கொடுத்தார்கள். கார் வந்தால் இடக்கையால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், தூக்கிவிட்டு சலாம் வைக்க வேண்டும். ஒரு கையால் இரண்டையும் செய்ய முடியாததால் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு சலாம் வைப்பான். மேனேஜர் வீட்டம்மா ஒருநாள் காரிலிருந்து அதைப் பார்த்துவிட்டுப் பாவம் என்றாளாம். வேலை வாங்குகிற தண்டல் சொன்னான், கோயிலில் சொன்னார்கள், தண்ணீர்க் குழாயடியில் சொன்னார்கள். அகதா ரப்பர் பால் வெட்டப் போகிற வழியெல்லாம் அந்தச் சொல் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

அதுவரை அவளுக்குப் படகைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமையை விழுங்குகிற சக்களத்தி என்றுதான் சொல்லுவாள். ஆனால் ஒரு பூசை முடிந்த காலையில், அவனை வீட்டுக்குக் கூட்டிவராமல் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். எனக்குக் கத்துக் கொடுங்க என்றாள். ஒற்றைக் கையும் கடல் தெரியாத பொம்பளையும் போய் மிதக்கப் போகிறார்கள் என்று தோட்டமே சிரித்தது. முதல் நாள் கம்பு நழுவி அவள் தாடையில் அடித்தது. வீங்கிய முகத்தோடுதான் மறுநாள் விடியலில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போய் நின்றாள். தண்டல் கேட்டதற்கு, மீசை குத்திருச்சு என்றாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். கரையில் வாய் திறக்காத மனுஷன் தண்ணீரில் அவளை அதட்டினான். அந்த அதட்டலைக் கேட்கத்தான் அவள் போனாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கண்ணப்பன் வந்தான். சிரம்பானின் லோபாக் பகுதியில் பெரிய வீடு. தாத்தா காலத்திலிருந்து வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். மலாக்காவில் புதுக்கடை திறந்திருந்தான், படகு மேல் ஆசை. நல்ல பையன். அண்ணே அண்ணே என்றுதான் பேசினான். இந்தக் கையோடு எத்தனை நாள் ஓட்டுவீங்க, ஒரு காத்து மாறினா அக்காவுக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்டபோது சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சரி என்றான். படகு மலாக்கா வந்து சேர்ந்ததும் பணம் என்று பேச்சு. இழுத்துப் போக விசைப்படகு அனுப்புவதாகக் கண்ணப்பன் சொன்னான். அதற்கு மட்டும் அகதா குறுக்கே வந்தாள். கட்டியிழுக்க அது செத்த மாடில்ல தம்பி, நாங்களே ஓட்டிக் கொண்டாந்து குடுக்கிறோம் என்றாள். அவளும் அன்றைக்கு அதைக் கொடுப்பதற்காகத்தான் சொன்னாள்.

வெயில் ஏறியபோது தூரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல் போயிற்று. அது போய் வெகுநேரம் கழித்து அதன் அலைகள் வந்தன. சந்தியாகுதான் முதலில் பார்த்தான். பிடிச்சுக்கோ என்று கத்துவதற்குள் படகு வலப்பக்கம் சாய்ந்தது. மீசைக்கம்பின் நுனி தண்ணீருக்குள் போனது. தண்ணீர் அதைப் பின்னால் இழுக்க, மூங்கில் வில்லாக வளைந்தது. இடப்பக்கம் பெரிய பாயை விரித்துப் பிடிக்கிற கட்டை துள்ளியது. அது வீசித் திரும்பினால் பாய்மரமே முறியும்.

"கயித்த அறுத்துவுடு அகதா. கம்பு போனாப் போவுது."

அவள் அறுக்கவில்லை. கம்பின் நடுவைத் தூக்கிப் பிடிக்கிற கயிறு பாய்மரத்தோரம் இருந்தது. அதை இரண்டு கையாலும் பற்றி, காலை மரத்தில் உதைத்து, தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள். நுனி தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. அடுத்த அலைக்குப் படகு சாய்ந்தபோது கம்பு நீருக்கு ஒரு முழம் மேலே நின்றது. உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

சந்தியாகு சுக்கானை விலாவில் அணைத்து, இடக்கையால் பெரிய பாயின் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். படகு ஒரு விரல்கூட வழி மாறியிருக்கவில்லை. அலைகள் ஓய்ந்ததும் அவன் உரத்த குரலில் அவளைத் திட்டினான். அறுக்கச் சொன்னா அறுக்கணும், உன் இஷ்டத்துக்குத் தொங்கறதுக்கு இது என்ன கொய்யா மரமா என்று திட்டிக்கொண்டே வந்தவன், நடுவில் சிரித்துவிட்டான். அகதாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இந்த ஆள் முக்காலிக்குத் திரும்பிப் போவான். கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்து சலாம் வைப்பான். அதற்குத் துணையாக இருக்கத்தானா என் தாடை வீங்கியது என்று அவளுக்குள் ஏதோ கனன்று எழுந்தது.

உப்பே தீவும் அதற்கப்பால் மலாக்காவின் குன்றும் தெரிந்தன. கரையிலிருந்து ஒரு மீன்பிடி விசைப்படகு அவர்களை நோக்கி வந்தது. அதில் கருப்புக் குடையோடு நின்றவன் கண்ணப்பன்தான்.

"கம்ப எறக்கு அகதா. ஊரு வந்துருச்சு," என்றான் சந்தியாகு.

கம்பை இறக்காமல் படகைக் கரைக்குத் திருப்ப முடியாது. அது நிற்கிறவரை காற்று போகிற பக்கந்தான் படகுக்கும் பாதை. சுக்கானை விட்டுவிட்டு அவனால் முன்னால் வரவும் முடியாது. இதெல்லாம் இருவருக்கும் தெரியும். அகதா பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து அதன் அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எறக்க மாட்டேன்."

"வார்த்தை குடுத்துட்டேன்லா."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல. கம்பு ஏங்கிட்ட இருக்கு."

விசைப்படகு பக்கத்தில் வந்து ஒட்டியபடியே ஓடியது. கண்ணப்பன் குடையை மடக்கிவிட்டு, என்ன அண்ணே பாய் மாட்டிக்கிச்சா, ஆள் ஏறட்டுமா என்று கேட்டான். பக்கத்திலிருந்த மலாய்க்காரர் கயிற்றை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். அகதா கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயந்தாள். முன்னால் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல தம்பி," என்றது சந்தியாகுவின் குரல். "பாய் நல்லாத்தான் இருக்கு."

கண்ணப்பனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. சொன்ன சொல் என்ன ஆயிற்று என்றான். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறேன் என்றான். அதில் நியாயம் இருந்தது, அகதா மறுக்கவில்லை. கடைசியில் அவன், பாவமேன்னுதான் அண்ணே கேட்டேன், எனக்குப் படகா கெடைக்காது என்றான். அவள் எழுந்து நின்றாள்.

"வேற படகு பாத்துக்குங்க தம்பி. நாங்க பாவமில்ல."

விசைப்படகு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு வேகம் குறைந்து பின்தங்கி, வளைந்து கரைப்பக்கம் போயிற்று. குன்று மெல்ல அவர்களின் இடத்தோளுக்கு வந்து, பின்னால் நகர்ந்தது.

"திரும்பிப் போறது சூசாலா, ரொம்பக் கஷ்டம்," என்றான் சந்தியாகு. "காத்து எதுக்க நிக்கும். மோட்டாருக்கு அவ்வளவு தூரம் எண்ணெய் பத்தாது. ராவும் பகலும் குறுக்கும் நெடுக்கும் இழுக்கணும். நாளைக்கு வேலைக்குப் போவ முடியாது."

"தெரியும்."

அவன் சுக்கானை விலாவில் அணைத்துக்கொண்டான். கம்போட நுனிய இன்னும் ஒரு சாண் தூக்கு என்று மட்டும் அதட்டினான். அவள் தூக்கினாள்.

பூலாவ் புசார் தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கரையிலிருந்து குறுக்கே வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் இந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவதுபோல் வருகிற பாய்களைப் பார்த்தார். இன்ஜினைத் தணித்து நின்றார். அதிலிருந்த பெண்கள் கண்ணுக்குமேல் கைவைத்து எழுந்து நின்றார்கள். ஒரு குழந்தை கை அசைத்தது. அகதாவின் இரண்டு கைகளிலும் கயிறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். நின்றுகொண்டிருந்த படகுக்கு முன்னால், நுரை இரண்டு பக்கமும் பிளந்து விழ, அவர்கள் கடந்து போனார்கள்.